பாசிக்குடா நண்டுகளின் டிக்கெட் விலை

வாழைச்சேனையில் தொலைபேசிக் கடை நடத்திய துசாந்தினி ஒரு பேஸ்போல் ஆட்டத்தையும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கணினிக்குள் அவளுக்கு ஓர் அணி இருந்தது. சுனாமி அவள் கணவன் சுபாகரனைத் தோணியோடு கொண்டுபோன பிறகு, முகாமில் கொட்டில் கட்ட வந்த வெளிநாட்டுத் தொண்டன் ஒருவன் இணையத்தில் நடக்கும் கற்பனை லீக் ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டுப் போனான். அணிக்குப் பெயர் பாசிக்குடா நண்டுகள். ஆட்டத்தைக் கணினியே ஆடிவிடும். டிக்கெட் விலை வைப்பது அவள் பொறுப்பு. கூட்டினால் சனம் குறையும், குறைத்தால் மைதானம் நிறைந்தும் வருமானம் இராது. துறைமுகத்தில் சுபாகரனின் மீனுக்கு விலை பேசிப் பழகியவளுக்கு அந்த இழுபறி பிடித்துப்போயிற்று.

2008இல் ஒரு பின்னேரம். கத்தாரிலிருக்கும் கணவனோடு பேச வந்த ஓட்டமாவடிச் சபூரா மட்டும் கடையில் இருந்தாள். துசாந்தினி அன்றைய ஆட்டத்துக்கு விலை மாற்றிக்கொண்டிருக்கையில் வாசலில் சப்பாத்துச் சத்தம். சீருடைக்காரர் மூவர். அதிகாரி திரையில் குனிந்தான்.

"பாசிக்குடாவில யார் ஆள்? இந்த டொலர் யாருக்குப் போற, புலிக்கா?"

"ஒருத்தருக்கும் போறல்ல சேர். விளையாட்டு. டிக்கெட் காசு."

"மைதானம் எங்க?"

"மைதானம் இல்ல சேர்."

"மைதானம் இல்ல. டிக்கெட் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. விசாரணைக்கென்று ஏற்றிப்போனவர்கள் எல்லாரும் திரும்பி வராத காலம் அது. துசாந்தினி திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"பன்னிரண்டு டொலருக்கு வைக்கப் போறன் சேர். கொஞ்சத்தில ஆட்டம் முடிஞ்சி முடிவு வரும். பாருங்க."

"முப்பது போடு."

"முப்பதுக்கு ஒரு சனமும் வராது சேர். சனம் இருக்கிற வாங்கெல்லாம் வெறுமையாக் கிடக்கும்."

"நீ சொன்ன மாதிரி வந்தா விளையாட்டு. வராட்டி எங்களோட வா."

முப்பதைப் போட்டாள். இணைப்பு அறுந்தது. மறுபடி எடுக்க மோடம் கிறீச்சிட்டது. ஒருத்தன் கதவை அடைத்து நின்றான். சபூரா றிசீவரை வைக்கவும் மறந்து நின்றாள்.

பக்கம் வரி வரியாக இறங்கியது. நண்டுகள் தோல்வி. பார்வையாளர்: மைதானம் நிறைவு.

துசாந்தினி எதிரணியின் பெயரை அப்போதுதான் பார்த்தாள். எதிரணி லீக்கிலேயே முதலிடத்து அணி. அதைப் பார்க்க எந்த விலைக்கும் சனம் வருமென்று அவள் யோசிக்கவேயில்லை.

"பொய்," என்றான் அதிகாரி.

சபூராதான் வாய் திறந்தாள். "பொய்யெண்டா சரியாச் சொல்லியிருப்பா சேர். முடிவு அவட கையில இருந்தாத்தானே முன்னமே தெரியும்? பிழைச்சிட்டா, பாருங்க அவட முகத்த."

அதிகாரி பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு கணினியின் வயர்களைப் பிடுங்கச் சொன்னான். அவளை விட்டுவிட்டார்கள், பெட்டியைக் கொண்டுபோனார்கள். ஜீப் போன பிறகு இருவரும் நிலத்தில் இருந்துவிட்டார்கள்.

யுத்தம் முடிந்த அடுத்த மாதம் பெட்டி திரும்பி வந்தது. லீக்கைத் திறந்தாள். ஆளில்லாத அணியென்று நண்டுகளை வேறு யாருக்கோ கொடுத்து, பெயரையும் மாற்றியிருந்தார்கள். உயிர் தப்பியதே பெரிதென்று இவ்வளவு நாளும் இருந்தவளுக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது. சபூரா தேத்தண்ணி வாங்கி வந்து பக்கத்தில் வைத்தாள்.

கடைசி இடத்தில் கிடந்த, எவரும் கேளாத அணியொன்றைத் தரும்படி மறுநாள் எழுதிப் போட்டாள். தந்தார்கள். அதற்குப் பெயர் வைக்க ஒரு கிழமை யோசித்தாள். ஊர்ப்பெயர் மட்டும் வைக்கவில்லை.