ஐம்பதாம் நம்பர் கேமராவுக்குத்தான்

என் பேரை முதலில் கெடுத்தவர் காட்டுப்பாக்கம் அடுக்ககத்துச் செயலாளர் கார்த்திகேயன். வீடு வீடாகப் போய் வைஃபை ரௌட்டர் சரிசெய்யும் என் தொழிலில், வேலை செய்தால் நல்ல ரௌட்டர், செய்யாவிட்டால் வந்தவன் மோசமான ஆள். மீட்டர் பெட்டிக்கு அடியில் குந்திக் குந்தி முட்டி தேய்ந்த சக தொழிலாளிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மற்றவர்களுக்கு ஒரு விஷயம். வைஃபையில் சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் ரௌட்டர் ஒரு நம்பர் கொடுக்கும். இன்று ஒன்றுக்குக் கொடுத்ததை நாளை வேறொன்றுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். கேமரா, பிரிண்டர் போன்றவற்றுக்கு அது ஆகாது. அதனால் 'இது இன்னாருக்கு மட்டும்' என்று நம்பரை ரிசர்வ் செய்து வைப்பேன். பொருளின் முதுகில் ஒட்டியிருக்கும் பன்னிரண்டு எழுத்து அடையாளத்தை ரௌட்டரில் ஏற்றினால் போதும். அதில் எண்களைத் தவிர ஏ முதல் எஃப் வரை ஆறே எழுத்துதான் வரும். ஏழாவதோடு நின்ற எனக்கு இங்கிலீஷில் அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

கண் மூடிய கேட்

அந்த அடுக்ககத்தின் பொது ரௌட்டரில் கேட் கேமராவுக்கு ஐம்பதை ரிசர்வ் செய்தது நான். ஒரு மாதம் படம் பளிச்சென்று இருந்தது. பிறகு பகலில் அறுந்து அறுந்து வந்தது. கார்த்திகேயன் ஐடி கம்பெனிக்காரர், கோயம்புத்தூர்ப் பக்கம், அதட்டும்போதும் 'ங்க' போடுவார். அவர் சொல்லி இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் ஞாயிற்றுக்கிழமை. கேமரா ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

மூன்றாவது வாரம், படம் இல்லாத ஒரு மதியத்தில், கீழே நின்ற சைக்கிள் ஒன்று காணாமல் போனது. அன்று சாயங்காலம், கேமரா வேலைக்காக என்னையும் சேர்த்திருந்த அடுக்ககத்து வாட்ஸ்அப் குரூப்பில் கார்த்திகேயன் எழுதினார். எழுதின கையோடு என்னைக் குரூப்பிலிருந்து நீக்கினார். அதற்குள் நான் படித்துவிட்டேன்.

"ஏழாவது படிச்ச ஆளை வெச்சு கேமரா போட்டா இப்படித்தாங்க. கேமராவை அணைக்கத் தெரிஞ்சவருதானே சைக்கிளை எடுத்திருக்கணும், யோசிச்சுப் பாருங்க."

சனி பிடித்த நம்பர்

மறுநாளிலிருந்து அந்த அடுக்ககத்திலிருந்து ஒரு போன் இல்லை. எதிர்த் தெருவிலும் இல்லை. கிடைத்த வேலைக்குப் போனேன். கரையான்சாவடியில் கஜேந்திரன், பெயிண்ட் கடைக்காரர். கடைக்கு மேலேயே வீடு, இரண்டுக்கும் ஒரே ரௌட்டர். பில் அடிக்கும் மிஷினுக்கு ஐம்பத்திரண்டை ரிசர்வ் செய்தேன். அவர் 192.168.1.52 என்று முழுசாக எழுதி ஒவ்வொரு எண்ணாகக் கூட்டினார். "முப்பத்தஞ்சு. மூணும் அஞ்சும் எட்டு. இன்னா நைனா, சனியைக் கொண்டாந்து கல்லா பக்கத்துல குந்த வெக்கிற?"

நாற்பதாக மாற்றினேன். கூட்டினால் ஐந்து. சந்தோஷத்தில் மனிதர் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். வைத்த இடம், பேப்பர் வெளியே வரும் வாய். பத்தாம் நாள் பேப்பர் சிக்கிக்கொண்டது. காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி அவர் கையிலேயே கொடுத்தேன். அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நம்பரு சோக்கான நம்பருதான். நீ ராவுகாலத்துல போட்டுகினு, சாமி பொட்டு மேல பழி சொல்றியா?"

ஸ்டெல்லா டீச்சரின் பெஞ்சு

அதே காட்டுப்பாக்கம் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு புதன்கிழமை ஸ்டெல்லா டீச்சர் கூப்பிட்டார். காணாமல் போன சைக்கிள் அவர் வீட்டுக்காரருடையது. "என்னைக் கூப்பிட்டா குரூப்புல திட்டுவாங்களே டீச்சர்" என்றேன். "சைக்கிள் எங்களுது. நாங்களே உங்களைச் சந்தேகப்படல, அவருக்கு என்ன வந்துச்சு? மேல வாங்க" என்றார்.

ஞாயிறு பூசைக்குப் பாட்டுத் தாள் அச்சடிப்பது அவர் வேலை. கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் மெதுவாகத்தான் எழும். அதற்குள் டிவி எழுந்து அதன் நம்பரைப் பிடித்துக்கொள்ளும். டீச்சர் அனுப்பும் பாட்டெல்லாம் டிவிக்குப் போகும், டிவி எதை அச்சடிக்கும்? பிரிண்டருக்கு முப்பதை நிரந்தரமாக்கினேன். விஷயத்தை விளக்க ஆரம்பித்ததும் டீச்சர் கையமர்த்தினார்.

"புரியுது அண்ணே. எங்க சர்ச்சுல யாரு பேரையும் பெஞ்சுல எழுதல. ஆனா என் மாமியார் இடத்துல யாராவது உட்கார்ந்தா அன்னிக்குப் பூசை நடக்காது."

பிடுங்கிய பிறகும் பேசிய ஐம்பது

படம் அறுக்க ஆரம்பித்த பிறகு நான் அங்கே போன முதல் வாரநாள் அதுதான். பொது ரௌட்டர் இருக்கும் அடுக்ககச் சங்க அறையின் சாவியை டீச்சர் வாங்கி வந்தார். கேட் கேமராவின் வயரைப் பிடுங்கிவிட்டு, என் போனில் ஐம்பதைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பிடுங்கிய பிறகும் ஐம்பது பதில் சொன்னது. அது கேமரா இல்லை. பேரைப் பார்த்தால் 'கார்த்திக் லேப்டாப்'.

டீச்சரும் கூட வர, கார்த்திகேயன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவருடைய சொந்த லைன் சரியில்லையாம். ஆபீஸ் வேலைக்குப் பகலில் பொது வைஃபையில் சேர்ந்துகொள்கிறார். ரௌட்டரைக் கேட்காமல் லேப்டாப்பில் தானே ஐம்பதைப் போட்டிருக்கிறார். "நல்ல ரவுண்டு நம்பரா இருக்கேன்னு வெச்சேங்க" என்றார். ரிசர்வேஷன் ரௌட்டரின் கையைத்தான் கட்டும். டிக்கெட் எடுக்காமல் ஏறி உட்காருகிறவரைத் தடுக்காது. ஒரே சீட்டில் இரண்டு பேர், கேமரா கீழே விழுந்தது. லேப்டாப்பில் அந்த ஐம்பதை அழித்து, ரௌட்டர் கொடுக்கும் நம்பரையே வாங்கும்படி மாற்றினேன்.

அவர் ஸாரி சொன்னார், உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்காத குரலில். "இந்த ஸாரி எனக்கு வேணாம் சார். எந்தக் குரூப்புல எழுதுனீங்களோ அதே குரூப்புல எழுதுங்க" என்றேன். "அதான் சரியாயிடுச்சுல்லங்கண்ணா, அதைப் போய் குரூப்புல..." என்று இழுத்தவர், "பார்க்கறேனுங்க" என்றார்.

நான் குரூப்பில் இல்லாததால், எப்போது போனாலும் டீச்சர்தான் எனக்காகப் பார்த்துச் சொல்கிறார். நேற்றும் போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"தண்ணி லாரி வந்துச்சுன்னு போட்டிருக்காரு, பொறந்தநாள் கேக்கு படம் போட்டிருக்காரு, உங்களுது மட்டும் இன்னும் வரல அண்ணே."

பில் மிஷினுக்குக்கூட அதன் நம்பரை ரௌட்டர் வேறெதற்கும் கொடுக்காதபடி பூட்டிக் கொடுக்கத் தெரிந்த எனக்கு, என் பேரை எடுத்து வைத்துக்கொண்டவரிடமிருந்து அதைத் திருப்பி வாங்கத்தான் இன்னும் வழி தெரியவில்லை.