வேலிக்கு வந்த ஓலை

எங்கள் வளவுக்கும் சிவக்கொழுந்தின் வளவுக்கும் நடுவில் ஒரே வேலிதான். ஒரு வருஷம் அவள் ஓலை அடைப்பாள், மறுவருஷம் நான். தொண்ணூற்றொன்றில் அவள் முறை. ஆவணியில் ஒரு வண்டில் பனையோலை வந்து இறங்கியதும், அப்பாடா, இனிக் கிணற்றடி மறையும் என்று இருந்தேன். அவளோ வேலியின் பழைய ஓலையையும் பிடுங்கி, புதியதோடு சேர்த்துத் தோட்டத்துக்கு ஏற்றிவிட்டாள்! மிஞ்சியது வேலிக்கு நட்ட கிளுவைக் கதியால் கம்புகள் மட்டும்.

"எடியே, குறுக்குக்கட்டோடை நான் குளிக்கிறதை ஊரே பாக்கிறதோ?" என்று கத்தினேன்.

"கோவியாதேங்கோ மகாதேவியக்கா. மண்ணுக்கு வேணும்."

தோட்டம் அவளுடையதல்ல. பரமலிங்கத்தாரிடம் குத்தகைக்கு எடுத்த எட்டுப் பரப்புச் செம்பாட்டு நிலம். புருஷன் செத்த பிறகு இரண்டு பெட்டைப் பிள்ளைகளையும் அதை நம்பித்தான் வளர்த்தாள். யூரியாவையே கொட்டிக் கொட்டி, என் தோட்டத்தைப் போலவே அந்த மண்ணும் இறுகிப்போயிருந்தது. இறைத்த தண்ணீர் மேலாலேயே ஓடியது. சண்டையில் அரசாங்கம் பொருள்தடை போட்டு யூரியாவும் நின்றதும், வெங்காயம் சுண்டங்காய் அளவில்தான் விளைந்தது.

"இந்தப் போகமும் பிழைச்சு விளையாமல் போச்செண்டால் காணியை விட்டிடு பிள்ளை," என்று பரமலிங்கத்தார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் அந்த ஓலை, மண்ணுக்குள் உக்கினால் மண் இளகும். தானே மண்வெட்டி பிடித்துக் கிடங்கு வெட்டினாள். ஓலையை அடுக்கி, ஆட்டுப் புழுக்கை போட்டு மூடினாள். கை கொப்பளித்தது, துணி சுற்றிக்கொண்டு வெட்டினாள். ஊர் அவளை 'வேலி தாட்டவள்' என்றது, வேலியையே புதைத்தவளாம். அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். கிணற்றடியில் பழஞ்சேலையை மறைப்பாகக் கட்டிவிட்டுக் குளித்தேன். காற்றடித்தால் அதுவும் பறக்கும். ஆறு மாதம் அவளோடு கதைக்கவே இல்லை.

மாரி பெய்தது. தையில் வெங்காயம் நட்டாள். பங்குனியில் பரமலிங்கத்தார் வந்தார். நானும் பின்னாலேயே போனேன். அவள் தோற்பதைப் பார்க்கத்தான், பொய் சொல்வானேன்.

அவர் ஒரு பிடி பிடுங்கினார். கொத்தாக, உருண்டையாக வந்தது. குனிந்து கையை மண்ணுக்குள் விட்டார். மணிக்கட்டு வரை இறங்கியது. கறுத்து உக்கிய ஓலையும் இரண்டு மண்புழுவும் கையோடு வந்தன.

"நீயே செய் பிள்ளை. காணியை ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

அவள் அந்த இடத்திலேயே இருந்து அழுதாள். என் கண்ணும் கலங்கியது, பாழாய்ப்போன கண்.

அடுத்த ஆவணியில் என் முறை. ஓலை வந்து இறங்கியது. சிவக்கொழுந்து வேலியடிக்கு வந்தாள்.

"எப்பக்கா அடைக்கிறியள்?"

"அடைக்கிறதோ? என்ரை தோட்டத்துக்கு வேணுமடி. நீ போய் உன்ரை கிணற்றடியிலை சேலையைக் கட்டு."