புத்தகங்கள் திரும்பி வராத நூலகம்

எங்கள் நூலகத்தில் இரண்டு அலமாரி, ஒரு நீள மேசை, ஒரு கரும்பலகை, ஒரு கௌரவ நூலகர். கடைசியாகச் சொன்னது நான். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது. அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஏதாவது இருப்பதாக இதுவரை யாரும் எனக்குத் தெரிவிக்கவில்லை.

பர்மாவில், தாமுவே பேட்டையில், கோவில் மண்டபத்து மாடியில் இருக்கிறது அந்த அறை. வாரம் முழுக்க ஊரின் கடைவீதிப் பக்கம், லத்தாவில், ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இலக்கியத்தைக் காப்பாற்ற மாடியேறுகிறேன். காப்பாற்றச் சொல்லி இலக்கியம் ஆள் அனுப்பியதில்லை.

மாதாமாதம் கரும்பலகையில் ஒரு நூலைப் பரிந்துரைப்பேன். என் பரிந்துரைகளுக்கு ஒரு தரம் இருந்தது. தலையணை உயரம் இல்லாத புத்தகத்தை நான் மதித்ததில்லை. பலகையில் எழுதிவிட்டுக் கைகட்டி நின்று என் கையெழுத்தை நானே ரசிப்பேன். படிக்க ஆள் வராது. என் மனைவி ஒருமுறை மேலே வந்து பார்த்துவிட்டு, இது பரிந்துரை மாதிரி இல்லை, தண்டனை விவரம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன வருஷம் கோவில் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கல்யாணத்துக்கு அண்டா, குண்டா, நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். எனக்கு ஐம்பதைத் தாண்டியும் அவருக்கு நான் தம்பிதான். அன்னதானப் பாத்திரங்கள் மழையில் கிடந்து கெடுகின்றன, வைக்க இடம் வேண்டும், உன் அறையில் யாருமே இல்லையே என்றார். இருக்கிறார்கள் என்றேன். யார் என்றார். நான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. தீமிதிக்கு முன்னால் கமிட்டியோடு வந்து பார்ப்பேன், நூலகம் நடக்கிறதென்று தெரிந்தால் சரி, இல்லாவிட்டால் அண்டா மேலே ஏறும் என்று முடித்துவிட்டார். நியாயமான மனிதர். அதனால் திட்டவும் வழியில்லை.

உடனே ஓர் இலக்கியக் கூட்டம் போட்டேன். நானே தலைமை, நானே வரவேற்பு, நானே சிறப்புரை. கேட்க வந்தது என் மனைவி. நன்றியுரைக்கு முன்னால் அவளும் எழுந்து போய்விட்டாள்.

கூட்டத்தைக் கொண்டுவந்தது மின்வெட்டு. எங்கள் ஊரில் 'மீ' என்றால் மின்சாரம்; அது எப்போது வரும், எவ்வளவு நேரம் தங்கும் என்பதெல்லாம் அதன் இஷ்டம். கோவில் கூரையில் சூரியத் தகடு மாட்டி, கீழே பேட்டரி வைத்தார்கள். அதிலிருந்து இழுத்த கம்பி, யார் செய்த புண்ணியமோ, என் அறையில் வந்து முடிந்தது. அடுத்த ஞாயிறு மாடிப்படி முழுக்கச் செருப்பு. அத்தனை பேர் கையிலும் போனும் சார்ஜரும்.

என் நீள மேசை அன்றுதான் முதல்முறையாக நிறைந்தது. போன்கள் படுத்திருந்தன, சொந்தக்காரர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். போன் இல்லாத கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது. வெளியே போனால் போனை யாராவது மாற்றி எடுத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. இப்படி ஒரு சபை எந்தச் சொற்பொழிவாளருக்கும் கிடைத்திராது. நான் ஒரு தலையணைப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன்.

கால் பக்கம் போவதற்குள் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். கோபத்தில் அதை வைத்துவிட்டு, கையில் கிடைத்த வேறொன்றைப் பிரித்தேன். முன்னட்டை கிழிந்துபோன, நான் எந்தக் காலத்திலும் பரிந்துரைத்திராத ஒரு குடும்ப நாவல். புருஷன் வீட்டில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஒருநாள் பெட்டியைக் கட்டுகிறாள். சுவரோரத்தில் அசைவு தெரிந்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் காதால் மட்டும்தான் தெரியும். வீட்டில் கேட்டு வளர்ந்த தமிழ். படித்ததும் எழுதியதும் பர்மிய மொழியில். எழுத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காதில் விட்டால் இறங்குகிறது. இத்தனை வருஷம் நான் அவர்களுக்குப் பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கதையில் அந்தப் பெண் வாசற்படிக்கு வரும்போது போன்களில் சார்ஜ் நிரம்பிவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள், ஒருத்தியைத் தவிர. சந்தையில் காலையில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிறவள். பர்மியத் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் பிறந்து, தமிழ் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.

"ஸயா, அந்தப் பொண்ணு வெளிய போனாளா, போகலையா?"

ஸயா என்றால் வாத்தியார். நான் அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றேன். அதுவரைக்கும் நான் எப்படி மீன் ஆய்வேன் என்று கேட்டாள். புத்தகத்தை நீட்டி, எடுத்துப் போ, வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்றேன். மாமனார் இருக்கிறார், ஆனால் சோற்றுக்கும் காப்பிக்கும் தவிர அவர் தன்னிடம் வாய் திறந்ததில்லை என்றாள். கேட்டுப் பார் என்றேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான பரிந்துரை அதுதான்.

அடுத்த ஞாயிறு புகாரோடு வந்தாள். மாமனார் படிக்கிறார், நன்றாகத்தான் படிக்கிறார், ஆனால் நடுவில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுகிறார். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று ஸயாதான் சொல்ல வேண்டும். பார்த்தேன். கதாநாயகி ஒருவனோடு படகில் போகும் பகுதி. மருமகளிடம் வாசிக்க மாமனார் கூசியதில் தப்பில்லை. ஐம்பதைத் தாண்டிய எனக்கே கூச்சமாக இருந்தது. சுவரோரம் முழுக்கக் காது. ஒரு வழியாக வாசித்தேன். இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டாள்.

அப்புறம் மற்றவர்களும் எடுத்துப் போக ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் எங்கோ ஒரு மூலையில் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா, அக்கம்பக்கத்து அத்தை, யாரோ ஒருவர். வாசிக்கத் தெரிந்தவரால் மாடியேற முடியாது, மாடியேறுகிறவருக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டையும் ஒட்டினால் ஒரு முழு வாசகர். எங்கள் நூலகத்தின் மிகச் சிறந்த வாசகர்கள் எழுத்துத் தெரியாதவர்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கரும்பலகையும் கைமாறியது. பரிந்துரைகளை அவர்களே பர்மிய எழுத்தில் எழுதினார்கள். 'இதில் மாமியார் பாதியிலேயே போய்விடுகிறாள், தைரியமாக எடுக்கலாம்.' 'இதைக் கேட்டுக்கொண்டே சமைக்காதே, எங்கள் வீட்டில் பருப்பு அடிப்பிடித்தது.' என் கண்ணியமான நடையில் நான் அத்தனை வருஷம் எழுதியதில் இந்தப் பருப்புக்கு ஈடாக ஒரு வரி கிடையாது.

தீமிதி நெருங்கியது. ஞாயிறன்று வருகிறோம் என்று தலைவர் சொல்லி அனுப்பினார். அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். காலி. என் தலையணைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. வெறும் அலமாரியைக் கமிட்டிக்கு எப்படிக் காட்டுவது? சனிக்கிழமை கடையில் அரைநாள் லீவு போட்டு வீடு வீடாகப் போனேன். ஒருநாளைக்கு மட்டும் திருப்பிக் கொடுங்கள், கமிட்டி பார்த்ததும் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன்.

ஒருத்தர்கூடக் கொடுக்கவில்லை. ஒரு வீட்டில், இப்போதுதான் கோர்ட்டில் சாட்சி ஏறியிருக்கிறான், எப்படிக் கொடுப்பது என்றார்கள். இன்னொரு வீட்டில் லப்பெத் தட்டை முன்னால் வைத்து, ஊறவைத்த தேயிலையும் கடலையும் கலந்து கொடுத்து, டீ கொடுத்து, புத்தகத்தை மட்டும் தலையணைக்கு அடியில் தள்ளினார்கள். மொஹிங்காக்காரி வீட்டில் மாமனாரே வாசலுக்கு வந்தார். போன வாரம் எடுத்தது இன்னும் முடியவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். புத்தகத்தைத் திருப்பித் தராத ஆட்களைப் பார்த்து ஒரு நூலகர் எரிச்சல்தான் படவேண்டும். நான் வெறுங்கையோடு தெருவில் நடந்து வந்தேன். நெஞ்சு மட்டும் கொஞ்சம் முன்னால் போயிற்று.

ஞாயிறன்று தலைவர் கமிட்டியோடு ஏறி வந்தார். அறை நிறைய ஆள், மேசை நிறைய போன். அவர் பார்வை நேராக அலமாரிக்குப் போயிற்று. பலகையைத் தட்டிப் பார்த்தார், தரமான மரம்தான்.

"தம்பி, காலியாத்தானே கெடக்கு? இங்க கூட்டம் வர்றது சார்ஜுக்கு. அதைக் கீழயே வச்சுக்கலாமே."

நூலகம் ஒரு சமூகத்தின்... என்று நான் ஆரம்பித்தேன். கமிட்டியில் ஒருவர் கொட்டாவி விட்டார். எனக்கும் வந்தது. அப்போது மொஹிங்காக்காரி எழுந்தாள். அவரை ஊஜீ என்றுதான் கூப்பிடுவாள், பெரியப்பா மாதிரி.

"ஊஜீ, முகூர்த்த நாள்ல உங்க கடையில அண்டா இருக்குமா?"

"எப்படி இருக்கும்? எல்லாம் வாடகைக்குப் போயிருக்கும்."

"அப்ப கடை காலி. மூடிட்டு எனக்குக் கொடுத்துருங்க, நான் மீன் காயப் போட்டுக்கிறேன்."

சுவரோரம் முழுக்கச் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அவர் வியாபாரி. காலியான கிடங்கு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பலகையை மறுபடி ஒருமுறை தட்டினார், இப்போது மெதுவாக. எல்லாமே வெளியிலா என்று என்னிடம் கேட்டார். எல்லாமே என்றேன். ஒன்றுகூட உள்ளே இல்லையா? இல்லை அண்ணே, நேற்று வீடு வீடாகப் போய்க் கேட்டும் தரவில்லை. தனக்கும் அப்படி ஒரு சீசன் வந்தால் நன்றாயிருக்கும் என்றார். பின்கட்டில் தகரம் போட்டு அண்டாவை வைப்பதென்று அங்கேயே நின்று கமிட்டி முடிவு செய்தது. தகரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

போன்களில் சார்ஜ் இன்னும் நிரம்பவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசிக்க என்னிடம் ஒரு புத்தகம்கூட இல்லை. சரி, நீங்கள் படித்ததைச் சொல்லுங்கள் என்றேன். பர்மிய மொழியும் தமிழும் கலந்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள், நான் கேட்டேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

பெட்டி கட்டிய பெண்ணின் கதை வந்ததும் சண்டை ஆரம்பித்தது. அவள் திரும்பி வரவேயில்லை என்றது ஒரு வீடு. கடைசியில் வந்து மாமனார் காலில் விழுந்துவிட்டாள் என்றாள் மொஹிங்காக்காரி. விழவில்லை என்று எனக்குத் தெரியும். மொஹிங்காக்காரியின் மாமனார்தான் முடிவை மாற்றி வாசித்திருக்கிறார். எது சரி ஸயா என்று எல்லோரும் கேட்டார்கள். புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அது இப்போது யார் வீட்டில் இருக்கிறதென்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அடுத்து அதை யார் எடுத்துப் போவது என்பதில் புதிதாக ஒரு சண்டை தொடங்கியது. நான் குறுக்கே போகவில்லை.