வடிவேலு போட்ட டிக்

சிங்கப்பூரில் செங்காங் எல்ஆர்டி ரயில் வளைவில் திரும்பும்போதெல்லாம் வடிவேலு கண்ணை மூடிக்கொள்வார். எதிரே இருப்பவர்கள், மனிதர் அசந்து தூங்குகிறார் என்று நினைப்பார்கள்; அவரும் அப்படியே நடிப்பார். தூக்கமா அது? போன வருடம் காதுக்குள் வந்த கோளாறு, போகும்போது தலைசுற்றலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. மனைவி பாக்கியலட்சுமியிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவைத்திருந்தார். உண்மையைச் சொன்னால் மறுபடி மருத்துவமனை, மறுபடி வரிசை. அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

ஐம்பத்திரண்டு வயது. வேலை, ஒரு கம்பெனியில் ஊரார் கணினியைச் சரிசெய்வது. பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவர்தான், பாஸ்வேர்டு மறந்துபோனாலும் அவர்தான். அங்கே அவருக்குப் பெயரே கிடையாது. 'ஐடி அங்கிள்', அவ்வளவுதான்.

அவருடைய முழுப்பெயர் இருந்தது வேறோர் இடத்தில். கணினி விளையாட்டு எழுதுகிறவர்களுக்காகப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து இலவசமாக நடத்தும் ஒரு நிரல் தொகுப்பு அது. புதிதாக வருகிறவர்கள் பார்த்துப் படிக்க அதில் சின்னச் சின்ன மாதிரி நிரல்கள் உண்டு. யாராவது ஒன்று எழுதி அனுப்பினால், வடிவேலு படித்து, ஓட்டிப் பார்த்து, 'ஓட்டிப் பார்த்தேன்' என்ற கட்டத்தில் டிக் போடுவார். ஒன்பது வருடமாகச் செய்கிறார். கிடைப்பது, பங்களித்தவர்கள் பட்டியலில் ஒரு பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்காகத்தான் அவர் திங்கட்கிழமைகளைச் சகித்துக்கொண்டார்.

ஞாயிறு மதியம், ஃபேரர் பார்க் பகுதியில் காய்கறி வாங்கிக்கொண்டு இருவரும் வீடு திரும்பியதும் மடிக்கணினியைத் திறந்தார். கோலாலம்பூரில் பாடம் நடத்தும் யாசர் என்பவர், வடிவேலு டிக் போட்டிருந்த ஒரு நிரலைப் பற்றிக் கடிதம் எழுதியிருந்தார். கேமரா நகர்வுக்கான மாதிரி அது: திரையில் ஒரு பொம்மை நடக்கும், அதைக் காட்டும் கேமரா கூடவே போகும். மாணவர்களின் புதுக் கணினிகளில் கேமரா பொம்மையை விட்டுவிட்டு ஓடிவிடுகிறதாம். கடைசியில் மரியாதையாக ஒரு கேள்வி: இதை நீங்கள் ஓட்டிப் பார்த்தீர்களா?

வடிவேலு ஓட்டிப் பார்க்கவில்லை. நகரும் படத்தைப் பார்த்தால் அரை மணி நேரம் வாந்தி வருகிற மாதிரி இருக்கும் என்பதால், ஒரு வருடமாகக் கேமரா நகரும் நிரல் எதையுமே அவர் ஓட்டவில்லை. படித்தார், டிக் போட்டார். இப்படிப் பன்னிரண்டு. நிரலை மறுபடி படித்தார். பொம்மைக்கு நொடிக்கு இவ்வளவு தூரம் என்று எழுதியிருந்தது. கேமராவுக்கோ, திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் இவ்வளவு தூரம். பழைய திரையில் இரண்டும் ஒன்றாகப் போகும். அடிக்கடி புதுப்பிக்கும் வேகமான திரையில் கேமரா முந்திவிடும், மானம் போகும். கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்குப் போயிருக்கும் மகனின் வேகமான திரை, அந்த மேசையிலேயே தூசி படிந்து நின்றது.

'பார்த்தேன், என் கணினியில் சரியாக இருந்தது' என்று தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள் பாக்கியலட்சுமி, கீரையைக் கையில் வைத்துக்கொண்டு.

சொல்லிவிட்டார். காதையும் சொன்னார், டிக்கையும் சொன்னார்.

"ஒரு வருஷமா என்கிட்டயும் பொய்யா?" அவள் குரல் உடைந்தது. கீரையை மேசையில் வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகனின் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "போடுங்க அத. நீங்க பாக்காதீங்க."

அவர் மடிக்கணினியை அதில் இணைத்து, ஓடவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பொம்மை பாட்டுக்கு நடக்குது... ஐயோ, பின்னாலயே போயிடுச்சுங்க. இப்ப வெறும் புல்லுதான் தெரியுது. அது இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்குமா?"

"இருக்கும்."

"பாவம் லா."

தட்டியிருந்த பொய்யை அழித்துவிட்டு யாசருக்கு எழுதினார்: நான் ஓட்டிப் பார்க்கவில்லை. இப்போது என் மனைவி பார்த்தார். நீங்கள் சொன்னது சரி. நான் ஓட்டாமல் டிக் போட்ட மற்ற பதினொன்றையும் நம்ப வேண்டாம். பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

கடைசி வரியைப் பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"பேர அப்புறம் எடுக்கலாம். நாளைக்கு லீவு போடுங்க, கிளினிக்குக்கு நானும் வர்றேன். இன்னும் பதினொன்னா?"

"ம்."

"அடுத்தத போட்டுட்டுக் கண்ண மூடிக்குங்க."

வடிவேலு கடைசி வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினார். அடுத்ததை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். யாரிடமும் தூங்குவதாக நடிக்க வேண்டியிருக்கவில்லை.