மண்சரிவு விளையாட்டு

பதுளையில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பாடத்துக்காக ஒரு பலகை விளையாட்டை உருவாக்கினோம். மலை சரியும்போது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஓடி, கோயில் மேட்டை முதலில் அடைபவர் வெல்வார். பகடையில் ஒன்று விழுந்தால் மண் ஒரு கட்டம் இறங்கும்.

ஆடிப் பார்ப்பதற்காக அதை மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். பிள்ளைகள் கத்திச் சிரித்து ஆடினார்கள். பத்து வயதுப் பெண்ணொருத்தி மட்டும் ஆறு விழுந்தும் காயை நகர்த்தவில்லை.

“ஓடும்மா, மண்ணு வருது,” என்றேன்.

“தம்பி உள்ள தூங்குறானே அக்கா. அவன எப்படித் தூக்குறது?”

ஆளுக்கு ஒரு காய்தான் என்று நான் விதியைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் காயை எடுக்கவில்லை. மண் வந்து லயத்தை மூடியது. மற்றப் பிள்ளைகளின் சிரிப்பும் நின்றுவிட்டது.

போன வருஷ மழையில் மண் சரிந்தபோது தன் வீட்டிலிருந்து அவள் மட்டும்தான் வெளியே ஓடி வந்தாள் என்று டீச்சர் பிறகுதான் சொன்னார். நாங்களும் முன்பே கேட்கவில்லை.

அடுத்த வாரம், இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று விதியை மாற்றினோம். விரிவுரையாளர் பாராட்டி நல்ல புள்ளி போட்டார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதைத் திரும்ப எடுத்துப்போக எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.