அரை மணி முந்திய கடிகாரம்

வேப்பமரத்தடியில் வெள்ளைச் சேலையைப் பார்த்தேன் என்று யாராவது ஆரம்பித்தால் கதை முடியுமுன்னே எழுந்து போகிற ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் எழுந்து போகலாம், கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில், ஆபீஸில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி ஏஜென்டிடம் வேலை பார்க்கிறேன், வீடு முத்தையாபுரம். என் தம்பி இசக்கிமுத்து தோணியில் மாலத்தீவின் தலைநகரம் மாலேக்குச் சரக்கு கொண்டு போகிறவன். அம்மா அப்பா போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான். அங்கே மணி நம்மைவிட அரை மணி பின்னால். போன் போடும்போதெல்லாம் நான் அதை மறந்துவிடுவேன், "ஏக்கா, இங்க இன்னும் சோத்து நேரமே வரலியே" என்று சிரிப்பான்.

எங்கள் ஆபீஸில் எல்லாமே லினக்ஸ். ஒருநாள் வேலை இல்லாத நேரத்தில், திரையின் மேல்பட்டையில் இருக்கிற கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கடிகாரத்தைச் சேர்த்து, அதன் அமைப்பில் மாலத்தீவு நேரத்தை வைத்தேன். எப்படித் தெரிய வேண்டும் என்று நாமே எழுதிக்கொள்ள அதில் ஒரு கட்டம் உண்டு. சதவீதக் குறி போட்டு எச், எம் என்று எழுதினால் மணியும் நிமிடமும் வரும், வேறு எதை எழுதினாலும் அப்படியே நிற்கும். நான் முன்னால் 'இசக்கி' என்று எழுதினேன். அன்றிலிருந்து என் தலைக்கு நேரே தம்பி பெயரில் ஒரு கடிகாரம் அரை மணி பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.

போன வருஷம் ஒருநாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால், இரண்டு கடிகாரமும் ஒரே மணி காட்டுகின்றன. நான்தான் எதையோ அழுத்திவிட்டேன் என்று நினைத்து அமைப்பைத் திறந்தேன். மாலத்தீவு என்றுதான் இருந்தது. எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற மகேஷைக் கூப்பிட்டேன். அவனும் மாற்றிப் பார்த்தான், மெஷினையே அணைத்துப் போட்டான். அசையவில்லை.

"செட்டிங் சரியாத்தான் இருக்குக்கா. காட்டுததுதான் நம்ம மணி" என்றான். பிறகு விளையாட்டாக, "ஒங்க தம்பி ஊருக்கு வந்துட்டானோ என்னமோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

உடனே போனை எடுத்தேன். ஏன் என்று கேட்டால் இப்போதும் தெரியாது. தம்பிக்குப் போட்டேன், போன் அணைந்திருந்தது. தோணி முதலாளிக்குப் போட்டேன். "தோணி மாலேலதான் கெடக்கு, நீ வேலையப் பாரு" என்றார், ஆனால் குரல் சரியில்லை.

"அண்ணாச்சி, அவன் அங்க இல்ல. எங்க இருக்கான், சொல்லுங்க" என்றேன். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேனோ, சாமி சத்தியமாகத் தெரியவில்லை.

"ஒனக்கு யாருளா சொன்னா?" என்றார் மெதுவாக. முந்தின நாள் சரக்கு இறக்கும்போது தம்பி மேல்தட்டிலிருந்து சரக்கறைக்குள் விழுந்து வலது கை ஒடிந்துவிட்டது. மாலே ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஒரு ஆளைத் துணைக்கு வைத்து, விமானத்தில் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். "இப்பத்தான் எறங்கினாங்கன்னு போன் வந்துச்சு. கை ஒடிஞ்சதுதான, நாளைக்குக் காலைல பக்குவமாச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

நானும் என் வீட்டுக்காரரும் அப்படியே கார் பிடித்துக் கிளம்பினோம். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அடிபட்டது கை மட்டும் இல்லை, உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிகிறது என்று அப்போதுதான் ஸ்கேனில் கண்டுபிடித்திருந்தார்கள். சொந்தக்காரர் யார் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன், ரத்தம் கொடுத்தேன். விடிகிறவரை காத்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

பிழைத்துவிட்டான். மேல்பட்டைக் கடிகாரமும் நான் வேலைக்குத் திரும்பியபோது பழையபடி அரை மணி பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. மகேஷ் ஏதோ பிழை என்று ஒரு காரணம் சொன்னான். இருக்கலாம், கம்ப்யூட்டரில் நடக்காததா. அதோடு விட்டிருப்பேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் பேசுகிற அளவுக்குத் தேறியதும் தம்பி சொன்னான், "பிளேன்ல நீ பக்கத்துல இருந்தது நல்லதாப் போச்சுக்கா. கண்ணு சொக்கிக்கிட்டே வந்துச்சு. நீதான் மணி என்ன, மணி என்னன்னு தூங்க விடாம கேட்டுக்கிட்டே இருந்த. நான் மாலே மணியச் சொன்னா, நம்மூரு மணியச் சொல்லுலேன்னு அதட்டின."

மருந்து மயக்கம் என்று தலையாட்டினேன். அவன் இடது கையில் கட்டியிருந்த முள் கடிகாரத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார்கள். அதை மாலே மணிக்குத்தான் எப்போதும் வைத்திருப்பான். எடுத்துப் பார்த்தேன். நம் மணி காட்டியது. முள்ளை நகர்த்த வேண்டுமானால் பக்கத்துத் திருகை இழுத்துச் சுற்ற வேண்டும், அவன் வலது கையோ மாவுக்கட்டில். துணைக்கு வந்த ஆளைக் கேட்டேன், தொடவே இல்லை என்றார்.

"இத யாருலே திருப்பி வச்சது?" என்று தம்பியைக் கேட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்கிறான், துளிகூடச் சிரிக்காமல்.

"என்னக்கா இப்படிக் கேக்க? நீதான திருப்பி வச்ச."