எபினேசர் தூக்கிய விரல்

கும்மிடிப்பூண்டி எபினேசர் ரஞ்சி ஆடியவர். ஆடினார் என்றால், இரண்டே மேட்ச். இரண்டாவதில் எல்பிடபிள்யூ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் எவனும் கூப்பிடவில்லை. "பேட்டுல பட்டு அப்பறந்தான் கால்ல பட்ச்சு. அந்த அம்பயருக்கு நொள்ளக் கண்ணு" என்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொல்லியிருக்கிறார். ஏஞ்சலின் அப்படியும் சரி என்றாள், பாவம்.

இப்போது சிப்காட்டில் ஒரு குழாய்க் கம்பெனி டீமுக்கு கோச். பேர்தான் கோச், கிட் பையைத் தூக்குவதும், நைட் ஷிப்ட் முடித்து வந்து ஸ்லிப்பில் நின்றபடியே தூங்குகிறவனைத் தட்டி எழுப்புவதும்தான் வேலை. காண்டிராக்டில் இருந்த அவரை இந்த வருஷம் நிரந்தரமாக்குவதாக மேனேஜர் மணவாளன் வாக்குக் கொடுத்திருந்தார். அதே மணவாளன்தான் டீமுக்கு ஓபனிங் பேட்ஸ்மேன். ஏன் என்று கேட்கக் கூடாது. மேனேஜர் இல்லையா!

கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டியில் அம்பயருக்குத் தனி ஆள் கிடையாது. பேட்டிங் ஆடுகிற டீமே ஒருவரை நிறுத்த வேண்டும். பிறகென்ன, தன் ஆளுக்கு எவனும் எல்பிடபிள்யூ கொடுக்க மாட்டான். ஸ்டம்புக்கு முன்னால் படுத்துக் கிடந்தாலும் கொடுக்க மாட்டான்.

காக்களூர் கம்பெனி டீமோடு ஃபைனல். எபினேசர் அம்பயர். முதல் ஓவரிலேயே மணவாளன் நட்டநடு ஸ்டம்புக்கு நேரே பந்தைக் காலில் வாங்கினார். காக்களூர்க்காரர்கள் பழக்கதோஷத்தில் கத்தினார்கள். கிடைக்கும் என்று கத்தவில்லை. எபினேசரின் விரல் மேலே போய்விட்டது. சத்தியமாக அவர் தூக்கவில்லை, அதுவே போனது.

மணவாளன் நகரவில்லை. "யோவ் கோச், இன்னா வெள்ளாட்றியா? பேட்டுல பட்டு அப்பறந்தான் கால்ல பட்ச்சு!"

அதே வசனம். மட்டையைத் தட்டிக் காட்டுகிற தோரணைகூட அதேதான். எபினேசருக்குச் சிரிப்பு முட்டியது. விரலை இறக்கினால் வேலை நிலைக்கும். இறக்கவில்லை.

"படல சார். அவுட்டு. போங்க."

"திங்கக்கெழமலேர்ந்து நீயும் வராத, போ."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அந்த வேலை நிரந்தரமாவதை அவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்திருந்தார்.

வீட்டில் ஏஞ்சலின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சோறு போட்டாள். "வேல போனா போவுது, வேற பாத்துக்கலாம். அந்தாளு சொன்னது பொய்யி தான?"

"பச்சப் பொய்யி. பேட்டுல பட்டுருந்தா சத்தம் கேட்டுருக்கும்ல?"

ஏஞ்சலின் கரண்டியை நிறுத்தினாள். "யோவ், அப்ப அன்னிக்கு ரஞ்சில உனுக்கு சத்தம் கேட்ச்சா?"

எபினேசர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கொழம்ப ஊத்து" என்றார்.